வார்ப்பைக் கழற்றுமுன்

பழைய காரின் வார்ப்புப் புகை மனிபோல்ட்டைக் கழற்றிவிட்டு, வளைத்த குழாயில் செய்த ஹெடரைப் பூட்டலாமா என்று கேட்டால், நம் தொழிலில் பலர் குழாயின் விட்டத்திலிருந்தே பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் ஹெட். அதன் புகை வாசல்கள் எத்தனை, எந்தச் சிலிண்டர் எதனோடு வாசலைப் பகிர்கிறது, எந்த ஒழுங்கில் தீப்பற்றுகிறது என்பவை. இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது அந்தக் கார் இன்று செய்யும் வேலை. இந்த இரண்டையும் பார்த்தால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் மொறிஸ் மைனருக்கும் பெரும்பாலான வேளைகளில் ஹெடர் தேவையில்லை என்பதும், தேவைப்படும் சில வேளைகளில் அது இப்போது வழக்கமாகச் செய்யப்படும் விதத்தில் இருக்கக்கூடாது என்பதும் தெரியவரும்.

இந்தக் கார்கள் இங்கே தங்கிய கதை நமக்குத் தெரிந்ததுதான். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. இருந்ததைத் திருத்தி ஓடுவது பழக்கமாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமற் போக, அதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எப்படிச் சாத்தியமானது என்பதை ஒரு கணம் யோசிக்க வேண்டும். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வேண்டும். தாழ்ந்த அமுக்க விகிதம் தட்டலைக் குறைத்தது உண்மை. ஆனால் எரிபொருளுக்கு வேண்டிய சூட்டைக் கொடுத்தது, உள்வாங்கும் மனிபோல்ட்டின் அடிவயிற்றோடு ஒட்டியிருந்த புகை மனிபோல்ட். இதே வழியில்தான் சாதாரண மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எண்ணெயில் ஓடிய பெர்கசன் டிராக்டர்களின் மனிபோல்ட்டும் வடிவமைக்கப்பட்டது. புகையை வெளியே விடும் குழாய் என்று மட்டும் நாம் நினைக்கும் அந்த வார்ப்பு, எரிபொருளைச் சமைக்கும் அடுப்பாகவும் இருந்தது. குடாநாட்டின் மிகக் கடுமையான வருடங்களில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் அந்த அடுப்பின் தயவில் ஓடின. இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. ஒரு பாகம் என்னென்ன வேலை செய்கிறது என்று முழுதாக அறியாமல் அதைக் கழற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம்மிடம் இல்லை.

ஹெடர் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, 1960களின் வீ8 மசில் கார்களைத் திருத்துவோரிடமிருந்து வருகிறது. அவர்கள் சொல்வது பிழையல்ல. அவர்களுடைய எஞ்சினுக்கு அது சரி. செவ்ரோலெட்டின் சிறிய வீ8 எஞ்சினில் தீப்பற்றும் ஒழுங்கு 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண் சிலிண்டர்கள் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம். அப்படியானால் ஒரு பக்கத்தில் 5ஆம் 7ஆம் சிலிண்டர்களும், மறுபக்கத்தில் 8ஆம் 4ஆம் சிலிண்டர்களும் வெறும் 90 பாகை இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கின்றன. புகை வால்வு 180 பாகைக்கு மேல் திறந்திருப்பதால், ஒன்றின் புகை வெளியேறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துச் சிலிண்டரின் புகை அதன் முகத்தில் மோதும். நான்கு சிலிண்டரின் புகையையும் ஒரே குறுகிய பெட்டிக்குள் கொட்டும் பழைய வார்ப்பு அந்த மோதலை இன்னும் மோசமாக்கும். ஒவ்வொன்றுக்கும் நீளமான தனிக்குழாய் கொடுத்தால் மோதல் தீர்கிறது, வலு கூடுகிறது. அங்கே ஹெடர் ஒரு உண்மையான நோய்க்கு உண்மையான மருந்து.

நமது எஞ்சினில் அந்த நோய் இல்லை. கேம்பிரிட்ஜில் உள்ள பீ வரிசை எஞ்சினும், மைனரில் உள்ள ஏ வரிசை எஞ்சினும் ஒரே சிந்தனையில் பிறந்தவை. நான்கு சிலிண்டருக்கும் புகை வாசல் மூன்றுதான். முதலாவதுக்கும் நான்காவதுக்கும் ஓரங்களில் தனி வாசல், நடுவில் 2க்கும் 3க்கும் சேர்த்து ஒன்று. தீப்பற்றும் ஒழுங்கு 1-3-4-2. இதைத் தாளில் எழுதிப் பாருங்கள்: 1க்கும் 4க்கும் இடையே 360 பாகை, 3க்கும் 2க்கும் இடையேயும் 360 பாகை. நடு வாசலைப் பகிரும் இருவரில் ஒருவர் முடித்து நெடுநேரம் ஆனபிறகே மற்றவர் வருகிறார். வீ8 காரர் குழாய் வளைத்துச் சாதிக்கும் பிரிப்பில் பாதியை ஹெட்டை வார்த்தவர்களே சாதித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சியது ஒன்றுதான்: நடு வாசலின் புகையும் ஓர வாசல்களின் புகையும் 180 பாகை வித்தியாசத்தில் வருவதால், அவை இரண்டும் சற்றுத் தூரம் தனியே ஓடிப் பிறகு சேர்வது நல்லது. அதே பீ வரிசையில் 1,798 சீசீ எஞ்சினோடு 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபீ காரின் வார்ப்பு மனிபோல்ட் இதைத்தான் செய்கிறது. நடு வாசலைத் தனியாகவும் ஓரங்களை ஒன்றாக்கியும் கீழே இறக்கி, இரட்டைக் குழாயாகக் கொண்டுபோய்ப் பிறகு சேர்க்கிறது. கடையில் விற்கும் பல குழாய் ஹெடர்கள் அந்த வார்ப்பைப் பெரிதாக மிஞ்சுவதில்லை என்பது எம்ஜி கார் வேலை செய்வோர் நெடுங்காலமாக ஒத்துக்கொண்ட விஷயம். விளையாட்டுக் காருக்கே நிலை அதுவென்றால், 50 குதிரைவலுக் கொண்ட, பொம்பிளை மாப்பிள்ளையோடு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கேம்பிரிட்ஜுக்கு என்ன கிடைக்கும்?

கிடைப்பதைவிட இழப்பது கூடவாகவும் இருக்கலாம். விட்டத்தின் கணக்கு இங்கேதான் வருகிறது. சிறிய வீ8க்கு வழக்கமாகச் சொல்லப்படும் குழாய் விட்டம் 1⅝ அங்குலம், அதாவது 41 மில்லிமீற்றர். 5.7 லீற்றர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 717 சீசீ; 1,489 சீசீ கேம்பிரிட்ஜில் ஒரு சிலிண்டர் 372 சீசீ. கொள்ளளவு ஏறக்குறையப் பாதி. குழாயின் வாய்ப் பரப்பும் அந்த அளவில் குறைய வேண்டுமென்றால் விட்டம் 30 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும். கையில் கிடைக்கும் பெரிய குழாயை வளைத்துப் பூட்டினால் புகையின் வேகம் விழுந்துவிடும். வேகமாக ஓடும் புகை தன் பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். தாழ்ந்த சுற்றில் அந்த இழுவை போய்விட்டால், மேட்டில் கியர் மாற்றாமல் ஏறிய கார் கியர் கேட்கும். வாடிக்கையாளர் அதைக் காபரேட்டரின் பிழை என்று நினைத்து மறுபடி வருவார். நடு வாசலுக்கு இரட்டை மடங்கு பரப்பு வேண்டும் என்பதும் ஒரு மயக்கம். இரு சிலிண்டரும் வெவ்வேறு நேரத்தில்தான் அதைப் பயன்படுத்துகின்றன. ஓரக் குழாயைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும்.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் உண்டு. உள்வாங்கும் மனிபோல்ட்டைச் சூடாக்குவது இங்கிலாந்தின் குளிருக்காக. காபரேட்டரில் பனி பிடிக்கும் நாட்டின் ஏற்பாடு நம் வெயிலுக்கு எதற்கு? மண்ணெண்ணெய்க் காலமும் முடிந்துவிட்டது. இந்த வாதத்தில் பாதி உண்மை. இன்றைய 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு அந்தச் சூடு அவ்வளவு தேவையில்லை. காலையில் எஞ்சின் சூடேறும் வரைதான் அது கைகொடுக்கும். ஆனால் மறுபாதியைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சின்களில் காபரேட்டரும் புகை மனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கனத்த வார்ப்பின் இடத்தில் மெல்லிய குழாய் வந்தால் அதன் வெளித்தோல் விரைவாகவும் கடுமையாகவும் சுடும்; அந்தச் சூடு நேரே காபரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்கு ஏறும். கோயில் வாசலில் அரை மணி நேரம் நிறுத்திய கார் திரும்ப எழும்பாமல் நிற்பதற்கு, கிண்ணத்தில் கொதித்த பெற்றோல் ஒரு வழக்கமான காரணம். சூடு வேண்டாம் என்று ஹெடர் பூட்டியவர், வேண்டாத இடத்தில் கூடுதல் சூட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். இரண்டுக்கும் நடுவே தகட்டு மறைப்பு இல்லாமல் ஹெடர் பூட்டிய காரை வெளியே அனுப்பக்கூடாது.

பூட்டும் வேலையில் எல்லாவற்றையும்விடப் பொறுமையாகப் பேச வேண்டிய இடம் ஒன்றிருக்கிறது. அதிகம் கவனிக்கப்படாத இடமும் அதுதான். இந்த ஹெட்டில் உள்வாங்கும் மனிபோல்ட்டின் விளிம்பையும் புகை மனிபோல்ட்டின் விளிம்பையும் ஒரே ஸ்டட் பிடிக்கிறது. அகலமான தடித்த வாசர் ஒன்று இரு விளிம்புகளின்மேலும் குறுக்கே கிடக்கும். நட்டு இறுகும்போது இரண்டையும் ஒன்றாக அழுத்தும். இரு விளிம்பும் ஒரே தடிப்பில் இருந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். புதிதாகச் செய்த ஹெடரின் விளிம்பு ஒரு மில்லிமீற்றர் தடித்துவிட்டால் வாசர் சாயும். புகைப் பக்கம் நன்றாக இறுகியிருக்கும், உள்வாங்கும் பக்கம் கஸ்கட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த இடுக்கால் காற்று உள்ளே போகும். கலவை மெலியும், ஓய்வு ஓட்டம் ஏறி இறங்கும், வால்வு சுடும். இதைப் பார்த்து ஹெடர் பூட்டினால் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஒழுக்குக்கு மேல் பெற்றோலை ஊற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஜெட்டைத் தொடுமுன் இரு விளிம்பின் தடிப்பையும் வேணியரால் அளந்து, கூடியதை லேத்தில் சீவ வேண்டும். ஒட்டு வேலையின் சூட்டில் விளிம்பு வில்லாக வளைந்திருக்கும். ஆகவே ஒட்டி முடித்த பிறகுதான் முகத்தைச் சீவ வேண்டும், முன்பு சீவியது கணக்கில் வராது. நட்டுகள் பித்தளையாக இருக்கட்டும். இரும்பு நட்டு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒன்றாகி, அடுத்த முறை கழற்றுகிறவரின் கையில் ஸ்டட்டையே முறித்துக் கொடுக்கும். முதல் ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு ஒருமுறை, சில நாள் கழித்து இன்னொருமுறை இறுக்க வேண்டும். பழைய கஸ்கட்டைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுங்கள். அந்தக் காலக் கஸ்கட்டுகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும்; அதன் தூசு மூச்சுக்குள் போனால் பல வருடம் கழித்தே தன் வேலையைக் காட்டும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். வல்லை வெளியிலும் தொண்டைமானாற்றுக் கரையிலும் உப்புக் காற்று ஓய்வதில்லை. ஒன்றரை மில்லிமீற்றர் சாதாரண இரும்புக் குழாய்க்கு அந்தக் காற்று நீண்ட ஆயுள் கொடுக்காது; தடித்த வார்ப்பு அதே காற்றில் எழுபது வருடம் தாங்கியிருக்கிறது. குழாயைச் சுற்றித் துணிபோன்ற வெப்பநாடா கட்டினால் பொனட்டுக்குள் சூடு குறையும், ஆனால் மாரியில் அந்தக் கட்டு ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை உள்ளுக்குள் தின்னும். துருப்பிடிக்காத உருக்கு நல்லது, கூடவே இன்னொரு கணக்கையும் கொண்டுவருகிறது: 60 சென்றிமீற்றர் நீளக் குழாய் 500 பாகை சூடேறினால் சாதாரண இரும்பு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளும், துருப்பிடிக்காத உருக்கு ஐந்து மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சிக்கு இடம்விடாமல் சைலன்சர் வரை இறுக்கிக் கட்டினால் ஒட்டு வெடிக்கும். எஞ்சின் ரப்பரில் அசைகிறது. குழாயின் பாரத்தைக் கியர்பொக்சோடு அசையும் பட்டி ஒன்று தாங்க வேண்டும், காரின் உடலோடு கட்டிய பட்டி தாங்கக்கூடாது.

வார்ப்பு வெடித்துவிட்டது, புதிது கிடைக்காது, என்ன செய்வது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் இந்த வாதம் முழுமையாகாது. வெடித்த வார்ப்பெல்லாம் செத்த வார்ப்பல்ல. வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளையிட்டு, வெடிப்பை வீ வடிவில் வெட்டி, முழு வார்ப்பையும் சீராகச் சூடாக்கி, நிக்கல் குச்சியால் சிறு சிறு துண்டாக ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல மெல்ல ஆறவிட்டு, பிறகு முகத்தைச் சீவினால் பல வருடம் உழைக்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த வார்ப்பில் சாதாரணக் குச்சியை ஓட்டுவதால்தான், ஒட்டினால் நிற்காது என்ற பெயர் வந்தது. உண்மையிலேயே மீட்க முடியாத வார்ப்பு என்றால், அல்லது கார் எஞ்சினில் கம்ஷாப்ட்டும் காபரேட்டரும் மாற்றி உயர்ந்த சுற்றில் ஓடவென்றே கட்டப்படுவது என்றால், ஹெடர் செய்யலாம். அப்போது மூன்று குழாய். ஓரங்கள் இரண்டும் முதலில் சேர, நடுக்குழாய் தனியே நீளமாக ஓடிப் பிறகு அவற்றோடு சேர வேண்டும். மினி காரர்கள் ஏ வரிசைக்கு நெடுங்காலமாகச் செய்துவரும் வடிவம் அது. நான்கு குழாய் ஹெடரை மூன்று வாசல் ஹெட்டில் பூட்ட வழியே இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நான்கு குழாய் வடிவத்தைப் பார்த்து நடு வாசலை இரண்டாகப் பிளந்து குழாய் பிரித்த வேலைகளும் உண்டு. பிளவின் கூர்முனை புகையின் வழியை மறிக்கும், சூட்டில் எரிந்தும் போகும்.

சத்தத்துக்காகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டிய சத்தத்தைச் சைலன்சரிலேயே பெறலாம். செலவும் குறைவு, எஞ்சினுக்கும் பங்கமில்லை.

எந்தக் காரணத்துக்காக ஹெடர் பூட்டினாலும், கழற்றிய வார்ப்பு பழைய இரும்பு வாங்குபவரின் தராசுக்குப் போகக்கூடாது. அதன் முகத்தில் எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, அதன் வாசர்களையும் பித்தளை நட்டுகளையும் ஒரு பையில் கட்டி, காரின் டிக்கிக்குள் வைத்து, சொந்தக்காரரிடம் காட்டிக் கையளிக்க வேண்டும். ஸ்டட்டின் அளவையும் விளிம்பின் தடிப்பையும் ஒரு துண்டில் எழுதி அதோடு வைத்துவிட்டால், இருபது வருடம் கழித்து அதை மீண்டும் பூட்டப்போகிறவர் எங்கிருந்தும் அளவு தேட வேண்டியிராது.