புதன்கிழமைப் பெட்டி

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் என் மகளையும், பிறந்து ஆறு வாரம் நிறைந்த பேத்தியையும் அழைத்துக்கொண்டு, சென்ற புதன்கிழமை காலை எங்கள் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பிரதேசத்தில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வகுக்கப்பட்ட இந்த நிலையங்களைக் கடந்து நான் ஆயிரம் முறையாவது நடந்திருப்பேன். உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது அன்றுதான். அந்த ஒரு மணி நேரம் மனத்தில் எழுப்பிய சிந்தனைகளை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளாமல் இந்த வாரத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு கனத்த நோட்டும், அதன் பக்கத்தில் குளிர் வெளியேறாத மூடியிட்ட ஒரு சிறு பெட்டியும் இருந்தன. எங்கள் முறை வந்தபோது, "பிக்மி நம்பர் சொல்லும்மா" என்று கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் பதிவு எண்ணைக் கேட்ட நர்ஸம்மா, அதைக் கொண்டே, கர்ப்பகாலத்தில் வேறொரு ஜில்லாவில் என் மகளுக்குப் போடப்பட்ட ஊசிகளையும், குழந்தை பிறந்த தேதியையும் எடையையும், நாங்கள் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதற்கு முன்பே அறிந்துகொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த சீட்டை உற்றுப் பார்த்துவிட்டு, திறந்த தேதியையும் மணியையும் அதன்மேல் எழுதினார். அவர் உற்றுப் பார்த்தது என்னவென்று கேட்டேன். சீட்டில் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் வெளிறிய ஒரு சதுரமும் இருந்தன. மருந்தின்மீது வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வருமாம்; அது வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை எந்தக் குழந்தைக்கும் போடாமல் ஒதுக்கிவிட வேண்டுமாம்.

"அப்படியானால் எவ்வளவு குளிர்ச்சியாக வைத்தாலும் நல்லதுதானே அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கய்யா, உறைஞ்சு போனாலும் மருந்து கெட்டுடும். அதனால ஐஸ்பேக்கை எடுத்த உடனே பெட்டியில வைக்க மாட்டோம். கொஞ்ச நேரம் வெளியில வெச்சு, மேல வேர்த்து, காதுகிட்ட குலுக்கினா உள்ளே தண்ணி சத்தம் கேக்கணும். அதுக்கப்புறம்தான் வைப்போம்" என்றார்.

ஒரு பெண்மணி விடியற்காலையில் ஒரு பனிக்கட்டிப் பொதியைக் காதருகில் வைத்துக் குலுக்கி, அதற்குள் நீர் அசையும் ஓசைக்காகக் காத்துநிற்கும் அந்தக் காட்சி, அன்று முழுவதும் என் கண்முன்னே நின்றது. ரணஜன்னிக்கான மருந்தும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியும் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரிலேயே உயிர்ப்போடு இருப்பவை. குளிர் குறைந்தாலும் பயனில்லை, மிகுந்து உறைந்தாலும் பயனில்லை. உறைந்து கெட்ட மருந்தைப் போட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. குழந்தை வழக்கம்போல் அழும், தாய் வழக்கம்போல் தேற்றுவாள், நோட்டில் வழக்கம்போல் ஒரு குறி விழும். காப்பு மட்டும் கிடைத்திராது. பிறர் கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பிழை நேராதிருக்க வேண்டுமென்ற சிரத்தையே அந்த ஓசைக்காகக் காத்திருக்கிறது.

மறுநாள், ஆவல் தாங்காமல், அந்த மருந்து புறப்பட்டு வந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய், அனுமதி பெற்று அதன் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தேன். அதன்மேல் உஷ்ணநிலையைக் குறிக்கும் தாள் ஒன்று இருந்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று நாள்தோறும் அதில் பதிய வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் அதில் விலக்கில்லை. கோப்பிலிருந்த பழைய தாள்களைப் புரட்டினேன். பொங்கலன்றும் தீபாவளியன்றும் இரண்டிரண்டு பதிவுகள் கிரமமாக இருந்தன. ஊர் முழுவதும் புத்தாடை உடுத்தியிருந்த அந்த நாட்களிலும் யாரோ ஒருவர் வந்து, கதவைத் திறந்து, ஓர் எண்ணைப் பார்த்து, எழுதி, கையொப்பமிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

என் பாட்டியின் முகத்தில் பெரியம்மைத் தழும்புகள் நிறைந்திருந்தன. அவர் தலைமுறையில் அத்தழும்பு யாருக்கும் அதிசயமாகத் தோன்றியதில்லை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நாங்கள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும், தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் குத்திவிட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வடு இன்றும் என் கையில் இருக்கிறது. 1899-ல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாரித்த கைகளும், அதை ஊர் ஊராகச் சுமந்து நடந்த கால்களும், அன்றைய சென்னை மாகாணத்தில் 1939-லேயே இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டமும் சேர்ந்து அமைத்த பாதையிலேதான் இன்றைய புதன்கிழமைப் பெட்டியும் வருகிறது. 1975-ல் இந்தியா பெரியம்மையின் கடைசி நோயாளியைக் கண்டது. 1980-ல் அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. 2009-ல் மட்டும் 741 குழந்தைகளைத் தாக்கிய இளம்பிள்ளை வாதம், 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இந்நாட்டுக் குழந்தை ஒன்றையும் இயல்பான நச்சுக்கிருமியால் முடமாக்கவில்லை. இவ்விரண்டு வெற்றிகளையும் உலகம் கொண்டாடியது, கொண்டாடியது நியாயமே.

ஆனால் நான் சொல்ல வந்தது, கொண்டாட்டத்துக்கு ஒரு நாள் கூடக் குறித்துக்கொள்ள இயலாத வேறு வகை வெற்றியைப் பற்றி. பிறந்து ஏழெட்டு நாளில், அதுவரை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த சிசு, திடீரென்று வாய் திறக்க முடியாமல், தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து விறைத்து மாண்டுபோவதை எங்கள் ஊர்க் கிழவிகள் கண்டிருக்கிறார்கள். அதைப் பேயென்றார்கள், தோஷமென்றார்கள். தொப்புள்கொடியை அறுத்த துருப்பிடித்த அரிவாளிலும், அறுத்த இடத்தில் பூசிய சாணச் சாம்பலிலும் இருந்த ரணஜன்னிக் கிருமியென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சில பத்தாண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் ஆண்டுக்கு 1.5 லட்சம் முதல் 2 லட்சம் சிசுக்கள் இந்நோய்க்கு ஆளாயின. கர்ப்பிணிக்கு ஊசி, சுத்தமான கத்தி, ஆஸ்பத்திரியில் பிரசவம் என்ற மூன்று எளிய காரியங்களை விடாது செய்ததன் பலனாக, ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற நிலையை எல்லா ஜில்லாக்களும் எட்டிவிட்டதாக 2015-ல் உறுதி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன.

பெரியம்மைக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. ரணஜன்னிக்கு அப்படி ஒரு நாள் வரவே வராது. ஏனெனில் அதன் கிருமி மண்ணிலே வாழ்கிறது, மாட்டுச் சாணத்திலே வாழ்கிறது, நாம் உழும் வயலிலும் நடக்கும் தெருவிலும் என்றென்றும் இருக்கப்போகிறது. ஆகவே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், ஒவ்வொரு சிசுவுக்கும், தலைமுறைதோறும் அந்த வெற்றியைப் புதிதாக ஈட்டியாக வேண்டும். சென்ற புதன்கிழமை ஈட்டிய வெற்றி அடுத்த புதன்கிழமை பிறக்கும் குழந்தைக்கு உதவாது. நிர்வாகத்தின் காரியங்களில் பெரும்பாலானவை இந்த ஜாதியைச் சேர்ந்தவைதாம். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதும், பிறப்பு இறப்புகளைப் பதிவதும், மாதந்தோறும் நியாயவிலைக் கடைக்கு அரிசி போய்ச் சேருவதும் எல்லாம் முடிவுக்கு வராத வேலைகள். முடிவுக்கு வராததால் விழாவும் இல்லாத வேலைகள்.

இதே போன்ற மற்றொரு காரியமும் நினைவுக்கு வருகிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற ஸ்தாபனத்தை அரசு அமைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரத்தைப் பரிசோதித்து, ஜில்லாக் கிடங்குகளில் சேர்த்துவைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம் கொடுத்து, அதற்குரிய தொகைக்குள் வேண்டிய மருந்தை வேண்டியபோது பெற்றுக்கொள்ளச் செய்தது. மளிகைக் கடைக் கணக்குப் போன்ற எளிமையான ஏற்பாடு. பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இவ்வகைக் கழகங்களை அமைத்துக்கொண்டன. மருந்து இருக்கும் ஆஸ்பத்திரியைப் பற்றி யாரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லையாகையால், இதை நம்மிலே பலர் அறியோம்.

சம்பளம் வாங்குகிறவர்கள் கடமையைச் செய்வதற்குப் பாராட்டு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இந்தப் பத்தியிலேயே சீர்கெட்ட சாலைகளைப் பற்றியும், எரியாத தெருவிளக்குகளைப் பற்றியும் பல முறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன், குறையைச் சொல்வது பிரஜையின் உரிமை மாத்திரமன்று, கடமையுங்கூட. மேலே சொன்ன கணக்கெடுப்பின்படியே, நம் மாநிலத்தில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு 89 பேர்தாம்; எஞ்சிய 11 குழந்தைகளை மறந்துவிட்டுப் புகழ்பாட எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும், நன்றாக நடப்பதைக் கவனியாத சமூகம் அதை இழக்கும்போதும் கவனிப்பதில்லை. சாலையில் பள்ளம் விழுந்தால் அன்றே தெரியும். ஒரு நர்ஸம்மாவின் உத்தியோகம் காலியாகி இரண்டு வருஷம் நிரப்பப்படாமல் கிடந்தால், அந்த வாரம் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதன் தீங்கு சில ஆண்டுகள் கழித்து, வேறொரு தெருவில், யாரோ ஒரு தாயின் மடியிலே வந்து விடிகிறது; அப்போது காரணத்தையும் காரியத்தையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஆகையால் இந்த வேலைகளைத் தெரிந்துவைத்திருப்பது அவற்றைக் காப்பதற்கு முதற்படி.

அன்று பேத்திக்கு ஊசி போட்டு முடிந்ததும், "அரை மணி நேரம் இங்கேயே இருந்துட்டுப் போங்கய்யா. ராத்திரி காய்ச்சல் வந்தாலும் வரும், பயப்பட வேண்டாம். ஊசி போட்ட இடத்துல எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவிடாதீங்க. அட்டையைப் பத்திரமா வெச்சிருங்க" என்று, காலையிலிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும் சொன்ன அதே சொற்களை, முதல் முறை சொல்வது போன்ற பரிவோடு எங்களுக்கும் சொன்னார். நாங்கள் காத்திருந்த அரை மணியில் கூட்டம் கலைந்தது. நர்ஸம்மா நோட்டைத் திறந்து, அன்று வந்திருக்க வேண்டியும் வராத மூன்று குழந்தைகளின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டார். அவற்றில் ஒன்று, ஆற்றங்கரைச் செங்கல் சூளைக்கு வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்தின் குழந்தை. மிஞ்சிய மருந்தை மாலைக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாகையால், அதற்கு முன்னே சூளைக்குப் போய்வர எண்ணி, பெட்டியை ஸ்கூட்டரின் முன்புறம் வைத்துக்கொண்டு வெயிலிலே புறப்பட்டார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் துணைச் சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, அங்கே நர்ஸ் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இருக்கிறாரென்றால், ஒரு புதன்கிழமை போய் நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டு வாருங்கள். என் பேத்தியின் அட்டையில் அடுத்த ஊசிக்கு நான்கு வாரம் கழித்துத் தேதி குறித்திருக்கிறது, அதுவும் புதன்கிழமைதான்.