எல்லாம் கேஸ் தானா?



நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் நெஞ்சு எரிந்தால் அதற்கு ஒரே பெயர் 'கேஸ்'. நாலு நாள் நீடித்தால் 'அல்சர்'. வைத்தியம் ஒரு சோடா, இல்லாவிட்டால் மருந்துக் கடையில் "கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணே!" இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு நமக்கெல்லாம் தெரியும். அது பழுதானால் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலும் தசையால் ஆன ஒரு வால்வு உண்டு. அது தளர்ந்தால் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலே ஏறும். அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குச் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. அதனால்தான் எரிகிறது. அல்சர் என்பது வேறு, அது புண். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலும் வலி மாத்திரைகளாலும் வருவது. அந்தக் கிருமியைக் கண்டறிந்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நம் பொழுது எப்படிப் போகிறது? காலையில் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு ஓட்டம். பதினோரு மணிக்கு டீயும் பஜ்ஜியும். ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டப் பரோட்டா, சால்னா. கை கழுவியதும் செல்போனோடு படுக்கை! வால்வுதான் என்ன செய்யும் பாவம்? சிகரெட்டும் அதைத் தளர்த்தும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கலாம். இடது பக்கம் சாய்ந்து படுக்கலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். காசு செலவே இல்லை.

மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவது சரியல்ல. ஊரெல்லாம் விழுங்கிய ரானிடிடினில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் வேதிப்பொருள் இருப்பது 2019-ல் தெரியவந்தது. 2022-ல் நமது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். எரிச்சல் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. மாரடைப்பும் 'வாயுப் பிடிப்பு' மாதிரியே வரும். சிமெண்ட் லாரி ஓட்டும் அப்பாவோ, வெங்காயக் காட்டில் நிற்கும் அம்மாவோ "நெஞ்சை அடைக்குதுப்பா, கேஸ்தான்" என்று சொன்னால் சோடா தேடி ஓடாதீர்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. போய்ப் பார்த்து, "கேஸ்தான்" என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

நம்மில் பலர் வீட்டில் மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். படித்த பிள்ளை சொன்னால் வீடு கேட்கும். சொல்லுவோம், தோழர்களே!