ஊரில் இல்லாதவர் ஓட்டு

2024 பொதுத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் தேதி வாக்குப் பதிவு நடந்தது. பெங்களூரில் அதற்கு ஒரு வாரம் கழித்து, 26ஆம் தேதி. தேர்தல் வந்தால் முதல் நாள் இரவு பெங்களூர் சாந்திநகர் பஸ் நிலையத்தில் இடம் பிடிக்கும் அவஸ்தை தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் போக முடியாமல் தங்கிவிடுகிறவர்களும் ஏராளம். லீவு கிடைக்காத குமாஸ்தா, ஷிப்ட் மாற்ற ஆள் இல்லாத தொழிலாளி, இரண்டு நாள் கூலியையும் விட்டு, பஸ் செலவும் செய்ய வழியில்லாத கட்டட வேலைக்காரர்.

இவர்கள் ஊருக்குப் போவதில்லை. இவர்கள் பெயர் மட்டும் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. மாலையில் ஓட்டுச்சாவடி மூடும்போது அந்தப் பெயருக்கு நேரே கோடு விழுந்ததா, இல்லையா என்பது பெயருக்கு உரியவருக்குத் தெரியாது. கள்ள ஓட்டு என்ற தொழிலுக்கு மூலப்பொருள் இந்தப் பெயர்கள்தான். உள்ளூரில் நடமாடுகிறவர் பெயரில் வேறு ஒருவர் போய் நின்றால் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பவர் பெயரில் போய் நின்றால் கேட்க ஆள் இல்லை. எந்த வீட்டில் யார் வெளியூரில் இருக்கிறார்கள் என்பது எல்லாக் கட்சியின் பூத் ஏஜண்டுக்கும் மனப்பாடம்.

சட்டத்தில் தடுப்பு இல்லாமல் இல்லை. ஆள்மாறாட்டம் செய்து ஓட்டுப் போட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு. 1993இல் தலைமைத் தேர்தல் கமிஷனர் சேஷன் பிடிவாதமாக உத்தரவிட்டதால் புகைப்பட அடையாள அட்டை வந்தது. சந்தேகப்படும் ஏஜண்ட், இரண்டு ரூபாய் கட்டி அந்த இடத்திலேயே ஆட்சேபிக்கலாம்; ஆள்மாறாட்டம் என்று ரூஜுவானால் ஆள் போலீஸ் வசம் போவார். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள ஏற்பாடு இது. கட்டணம் இன்றும் இரண்டு ரூபாய்தான்! ஆனால் இந்தத் தடுப்புகள் எல்லாம் எதிர்க் கட்சி ஏஜண்ட் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் சாவடியில்தான் பலிக்கும். ஒரே கட்சியின் கை ஓங்கிய ஊரிலோ, எல்லா ஏஜண்டுகளும் ஒரு பந்தியில் சாப்பிட்டு எழுந்த ஊரிலோ ஆட்சேபணை யாரிடமிருந்து வரும்?

அரிதாக, ஊரில் இல்லாதவர் என்று கணக்குப் போடப்பட்டவர் கடைசி நேரத்தில் பஸ் இறங்கி வந்து நிற்பதும் உண்டு. "உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதே" என்பார் அதிகாரி. பலர் அந்தப் பேச்சோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. தாம்தான் அந்த வாக்காளர் என்பதைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நிலைநாட்டினால், 49-பி விதியின்படி அவருக்குக் காகித வாக்குச் சீட்டு தந்தாக வேண்டும். டெண்டர் ஓட்டு என்று பெயர். அது தனி உறையில் வைக்கப்படும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த உறை சாதாரணமாக எண்ணப்படுவதில்லை. கள்ளன் போட்டது எண்ணிக்கையில் சேரும். உரியவர் போட்டது உறையில் தூங்கும். வழக்கு வந்து, வித்தியாசமும் மிகக் குறைவாக இருந்தால்தான் அதற்கு விழிப்பு. 2008இல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் அப்படி நேர்ந்தது. முதல் மந்திரி பதவிக்குப் பேசப்பட்ட சி.பி. ஜோஷி 62,215 ஓட்டுப் பெற்றார். எதிர்த்து நின்றவர் 62,216. டெண்டர் ஓட்டுகளைப் பற்றிய தகராறு 2011இல் சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. கர்நாடகத்திலேயே 2004இல் சாம்ராஜ்நகர் ஜில்லாவின் சந்தேமரஹள்ளியில் 40,752க்கு 40,751 என்று ஒரே ஓட்டில் முடிவானது. அங்கே தோற்ற வேட்பாளரின் டிரைவர் ஓட்டுப் போடப் போகவில்லை என்பது பிறகு ஊரெல்லாம் பேசிய பேச்சு.

இனி, பிறர் செய்யும் தவறை விட்டு, நம்மவர் பக்கம் உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு பெயர், பெங்களூரில் ஒரு பெயர். இரு தொகுதிகளின் பட்டியலில் ஒருவர் இருக்கக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னால் அதற்கும் ஓராண்டு வரை சிறை. பெரும்பாலோர் திருட்டு எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஊர்ப் பெயரை நீக்க மனம் வருவதில்லை, அவ்வளவுதான். பஞ்சாயத்துத் தேர்தலில் பங்காளி நிற்கிறார். ஊர்ப் பட்டியலில் பெயர் போனால் ஊரே போய்விட்ட மாதிரி ஒரு கலக்கம். 2019இல் தமிழ்நாட்டுக்கும் பெங்களூருக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 18இல், தேர்தல் நடந்ததால் இரண்டு இடத்தில் போட வழியில்லை. 2024இல் ஒரு வார இடைவெளி இருந்தது. அதற்குக் காவலாக இருந்தது விரலில் வைக்கும் மை. மைசூரில் கர்நாடக அரசுக் கம்பெனி தயாரிக்கும் மை அது. 1962 தேர்தல் முதல் நாடெங்கும் அதுதான். இடது கை ஆள்காட்டி விரலில் அந்த அடையாளம் இருந்தால் ஓட்டில்லை.

இரட்டைப் பெயர்களைக் களைவது நியாயமே. ஆனால் களையெடுப்பில் பயிரும் போகிறது. 2025இல் பீஹாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் இறந்தவர்கள் என்று சொல்லப்பட்டது சுமார் 22 லட்சம். இடம் பெயர்ந்தவர்கள், அகப்படாதவர்கள் சுமார் 36 லட்சம். பிழைக்க வெளியூர் போனவர்கள்தான் பெரும் பகுதி என்பது இதிலிருந்தே விளங்கும். பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் அந்த விவரம் வெளியே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டிலும் இந்த வேலை தொடங்கியது. டிசம்பர் வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன.

நீக்குவதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. கர்நாடகத்தில் 2023 சட்டசபைத் தேர்தலுக்கு முன் ஆளந்த் தொகுதியில் பெயர் நீக்கக் கோரி 6,018 விண்ணப்பங்கள் குவிந்தன. விசாரித்ததில் சரியானவை 24. மற்றவற்றில், சம்பந்தமே இல்லாத வாக்காளர்களின் பெயரில் யாரோ விண்ணப்பித்திருந்தார்கள். அங்கே பிடிபட்டது, வீட்டில் ஆள் இருந்ததால். சென்று கேட்க வீட்டில் ஆள் இல்லாதவர் பெயராக இருந்திருந்தால்?

எங்கே பெயர் இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் சொல்லும் சொல் "சாதாரணமாக வசிப்பவர்" என்பது. ஊரில் வீடு சொந்தம் என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் அந்தத் தகுதி போய்விடவும் செய்யாது. ஆறு மாதம் கட்டட வேலைக்கு வந்தவர் ஊர்ப் பெயரை வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. இருபது வருஷமாகக் குடும்பத்தோடு அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருப்பவர், எட்டாம் எண் படிவம் கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொள்வதுதான் நேர். குடிநீரும் சாக்கடையும் அவருக்கு இங்கேதானே! தீபாவளிக்கு மட்டும் போகும் ஊரில் கிடக்கும் பெயர் அவருக்கு உதவுவதைவிடப் பிறருக்கே அதிகம் உதவுகிறது.

இடையில் நிற்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். ராணுவத்தினருக்கும், தேர்தல் வேலை பார்க்கும் ஊழியர்களுக்கும், 85 வயது கடந்தவர்களுக்கும் தபால் ஓட்டு உண்டு. பிழைப்புக்காக மாநிலம் தாண்டியவருக்கு இல்லை. இருந்த இடத்திலிருந்தே 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடத்தக்க ஒரு யந்திரத்தை 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளுக்குக் காட்ட தேர்தல் கமிஷன் ஏற்பாடு செய்தது. எதிர்க் கட்சிகள் பலவும் ஆட்சேபித்தன. வேறு மாநிலத்தில் நடக்கும் பதிவுக்கு ஏஜண்டுகளை எங்கே தேடுவது என்பது அற்பமான கேள்வி அல்ல. 2024 தேர்தலில் அந்த யந்திரம் தலை காட்டவில்லை.

ஆகவே ஊருக்குப் போவது ஒன்றே வழி. அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-பி பிரிவின்படி, ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் வாக்குப் பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். தினக்கூலிக்காரருக்கும் இது பொருந்தும். லீவு தர மறுக்கும் முதலாளிக்கு அபராதம் உண்டு. அதிகபட்சம் 500 ரூபாய். பெங்களூரில் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியை விடக் குறைவு.