கல்லூரியிடம் கேட்க வேண்டிய கணக்கு

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், பேருந்துகளின் பின்புறம் முதல் கைப்பேசித் திரை வரை கல்லூரி விளம்பரங்கள் நிறைந்துவிடுகின்றன. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் அப்பால் யோசிக்கும் வீடுகளில் பி.காம்., பி.பி.ஏ. படிப்புகளே முதலில் பேசப்படுகின்றன. எங்கு படித்தால் வேலை கிடைக்கும் என்ற கேள்விக்கு விளம்பரங்கள் தரும் விடை, யாரோ ஒரு மாணவர் பெற்ற மிக உயர்ந்த சம்பளம் மட்டுமே.

திருத்தணி போன்ற ஊர்களில் இக்கேள்வியின் எடை அதிகம். 1960-இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்த எல்லைப்புற நகரம் இது. வணிகவியல் பயில விரும்பும் மாணவருக்கு இங்கு மூன்று வழிகள் உள்ளன. ஊரிலுள்ள அருள்மிகு ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் படிக்கலாம். அரக்கோணம் வழியாகச் செல்லும் ரயிலில் போகவர ஏறத்தாழ நான்கு மணி நேரம் செலவிட்டுச் சென்னைக் கல்லூரி ஒன்றில் சேரலாம். அல்லது, கடன் வாங்கியேனும் சுயநிதிக் கல்லூரியின் பி.பி.ஏ. வகுப்பில் இடம் பெறலாம்.

இவற்றில் எது சிறந்தது என்பது, மாணவர் எந்த வாயில் வழியாக வேலைக்குச் செல்ல நினைக்கிறார் என்பதைப் பொருத்தது.

முதல் வாயில் போட்டித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி, வங்கிப் பணி, பட்டயக் கணக்காளர், ஐஐஎம் சேர்க்கைக்கான 'கேட்' ஆகிய தேர்வுகள் எவையும் கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் வழங்குவதில்லை. 55 சதவீத மதிப்பெண்ணுடன் வணிகவியல் பட்டம் பெற்றவர், எக்கல்லூரியில் பயின்றிருந்தாலும், பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைக்கு நேரடியாகச் செல்லலாம். இந்த வழியை நாடுபவருக்கு ரயிலில் கழியும் நான்கு மணி நேரம், படிப்பிலிருந்து பறிபோகும் நேரமாகும்.

இரண்டாவது வாயில் வளாக நேர்காணல். இங்கு கல்லூரியின் பெயருக்கு மதிப்பு உண்டு. ஒரே நாளில் நூறு பேரைச் சந்திக்கக்கூடிய இடத்துக்கே நிறுவனங்கள் செல்லும். முன்னாள் மாணவர்கள் உயர் பொறுப்பில் இருக்கும் கல்லூரிகளை அவை மறப்பதில்லை. திறமையில் குறைவில்லாத சிறுநகரக் கல்லூரி மாணவர், நிறுவனங்களின் கண்ணில் படாமலேயே பட்டம் பெற்று வெளியேறுகிறார்.

மூன்றாவது வாயில் அறிமுகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீ சிட்டி ஆகிய தொழில் மையங்களில் கணக்குப் பிரிவுக்கும் கிடங்கு நிர்வாகத்துக்கும் ஆள்கள் தேவை. தமிழும் தெலுங்கும் அறிந்த எல்லைப்புற இளைஞர் அங்கு பெரிதும் பயன்படுவார். ஆனால், காலியிடம் இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே!

அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கவனத்துக்குரியது. ஒத்த தகுதியுடைய மாணவர்களை ஒப்பிட்டபோது, புகழ்பெற்ற கல்லூரியில் படித்ததால் மட்டும் பிற்கால வருவாய் பெரிதாக உயரவில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அது உயர்ந்தது. நமக்கும் இதில் பாடம் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு உறவும் நட்பும் திறந்துவிடும் கதவை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரிதான் திறந்துவிட வேண்டும். கல்லூரித் தேர்வு பிழைத்தால் அதிகம் இழப்பவரும் அவரே.

அவர் சரியாகத் தேர்ந்தெடுக்க நம்பகமான தகவல் வேண்டும். பி.பி.ஏ. படிப்பு 2024-25 முதல் ஏஐசிடிஇ-யின் அனுமதி வரம்புக்குள் வந்துள்ளது. ஆனால், அனுமதி என்பது வேலைக்கான உத்தரவாதம் அல்ல. 'எங்கள் மாணவர்களில் 93 சதவீதத்தினருக்கு வேலை' என்று ஒரு கல்லூரி அறிவிப்பதாகக் கொள்வோம். பட்டம் பெற்ற நூறு பேரில் முப்பது பேரை மட்டும் நேர்காணலுக்கு அனுமதித்து, அவர்களில் 28 பேர் தேர்வானாலும் கணக்கு அப்படித்தான் வரும்.

உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குச் சென்றவர்கள் எத்தனை பேர், சம்பள வரிசையில் நடுவில் நிற்பவர் பெறும் தொகை எவ்வளவு? இவையே கேட்க வேண்டிய கேள்விகள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட்டாக வேண்டும். விண்ணப்பிக்காத கல்லூரிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழகம் 47 சதவீதத்தை எட்டி, தேசிய சராசரியான 28.4 சதவீதத்தை விஞ்சி நிற்பதாக 2021-22 கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் உதவி, பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவருகிறது. 2022-இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி அளிக்கிறது. அடுத்து அரசு செய்ய வேண்டியவை இரண்டு. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லாக் கல்லூரிகளும் இந்த நான்கு விவரங்களையும் தமிழில், சேர்க்கை விண்ணப்பம் தொடங்கும் முன்பே வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அண்டையிலுள்ள அரசுக் கல்லூரிகளை ஒருங்கிணைத்துப் பொது வளாக நேர்காணல்களை ஆண்டுதோறும் நடத்த வேண்டும்.

திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவ நூல்கள் செலவின்றிக் கிடைத்ததால் அப்பாடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பர். அவருக்கு அது நன்மையாக முடிந்தது. இன்றைய பிள்ளைகளின் எதிர்காலத்தை அத்தகைய தற்செயலிடமும் விளம்பரங்களிடமும் ஒப்படைத்துவிடுவது முறையாகாது.