சாம்பலைக் கடலில் போட்டால் மீன் வருமா?

நெய்வேலியில் ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சாம்பலில் வந்து நிற்கும். வேலை பார்த்த காலத்தில் சட்டைக் காலரில் படிந்தது, இன்றைக்கும் நினைப்பில் படிந்திருக்கிறது. சமீபத்தில் நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கட்டி கட்டியாக வார்த்து, கடலூர்க் கடலில் இறக்கிவிட்டால் என்ன சார்? மீனுக்கு வீடு ஆச்சு, நமக்குச் சாம்பல் தீர்ந்தது. ஸ்கூபா டைவிங்கும் ஆரம்பித்தால் டூரிஸ்டும் வருவான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில், செயற்கைப் பாறை என்பது கட்டுக்கதை இல்லை. கடலூர், புதுச்சேரிக் கரைக்கு நேரே கடலின் அடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். பிடித்துக்கொள்ள ஒரு கெட்டியான பரப்பு இல்லாத இடத்தில் பாசியும் சிப்பியும் வளராது. அங்கே ஒரு கான்கிரீட் கட்டியை வைத்தால் சில மாதங்களில் அதன்மேல் பாசி, கொட்டலசு, சிப்பி என்று ஒட்ட ஆரம்பிக்கும். அதைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தின்னப் பெரிய மீன் வரும். புதுச்சேரியில் ஸ்கூபா நடத்துபவர்கள் இப்படித்தான் கடலடியில் பாறை அமைத்திருக்கிறார்கள். என் பேரன் அங்கே இறங்கிவிட்டு வந்து சொன்னது: "சுத்தி வெறும் மணல்தான் தாத்தா. அந்தக் கட்டிகிட்ட மட்டும் மீன் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கு."

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. முத்துக் குளித்த காலத்திலேயே கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்று பெயர் சொல்லி அடையாளம் வைத்திருந்தவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து மக்கள். சிலிண்டர் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள். இலை தழையையும் மரக்கிளையையும் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கி மீனைச் சேர்ப்பது மீனவர்களுக்குப் பழைய பழக்கம்.

நல்ல உதாரணம் தூத்துக்குடி அருகே உள்ள வான் தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அது ஒன்று. அந்த 21-ல் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. பல வருடங்கள் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனதில் அலையைத் தடுக்க ஆளில்லாமல், வான் தீவும் கரைந்து கரைந்து சில ஏக்கர்தான் மிஞ்சியது. 2015 முதல் அதைச் சுற்றித் துளைகள் வைத்த கான்கிரீட் கட்டிகளை இறக்கினார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐஐடியும் அதில் ஈடுபட்டன. அலையின் வேகம் குறைந்தது, தீவு பிழைத்தது, கட்டிகளில் மீனும் பவளமும் சேர்ந்தன. அங்கே கேட்ட கேள்வி 'தீவைக் காப்பாற்ற என்ன செய்யலாம்' என்பது. கட்டியின் வடிவம், துளை, எடை எல்லாம் அந்தக் கேள்விக்கு வந்த பதில்.

நண்பரின் யோசனையில் கேள்வியே வேறு. 'சாம்பலை எங்கே போடலாம்' என்பதுதான் அது. என் மறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1970களில் ஃபுளோரிடா மாநிலக் கடற்கரைக்கு அருகே சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக் கட்டாகக் கடலில் இறக்கினார்கள். டயரும் ஒழியும், மீனும் வரும் என்ற அதே கணக்கு. கட்டுகள் அறுந்தன. டயர்கள் புயலில் உருண்டுபோய்ப் பக்கத்தில் இருந்த இயற்கையான பவளப் பாறையையும் இடித்துக் கெடுத்தன. கடைசியில் ராணுவ டைவர்களை வைத்து அதே டயர்களை மேலே எடுக்க வேண்டியதாயிற்று. போடுவதற்கு ஆன செலவைவிட எடுப்பதற்கு ஆன பாடு பெரிது.

சாம்பலிலும் முயற்சி நடந்திருக்கிறது, மறைக்கவில்லை. 1980-ல் நியூயார்க் அருகே அனல்மின் நிலையக் கழிவைச் சுண்ணாம்பு சேர்த்துக் கெட்டியாக்கி, 500 டன் கட்டிகளைக் கடலில் இறக்கினார்கள். கட்டி உடையவில்லை, உயிரினங்களும் ஒட்டின. ஆனால் அது சோதனை. விஞ்ஞானிகள் முதலில் ஆய்வுக்கூடத்தில் பார்த்து, பிறகு இறக்கி, அதன்பின் தொடர்ந்து கண்காணித்தார்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்றவை சிறிதளவு உண்டு. நம் சாம்பலில் எது எவ்வளவு, உப்புத் தண்ணீரில் எது கரையும் என்று பார்க்காமல், அந்த 500 டன்னைக் காட்டி இங்கே லட்சம் டன்னுக்குக் கணக்குப் போடக்கூடாது. சாம்பலுக்குச் சிமெண்ட் ஆலை இருக்கிறது, சாம்பல் செங்கல் இருக்கிறது, சாலை வேலை இருக்கிறது. கரையில் கிடந்தால் கண்ணில் படும், யாராவது கேள்வி கேட்பார்கள். கடலுக்கு அடியில் போனதை யார் போய்க் கேட்பது?

இன்னொன்று. பாறையைச் சுற்றி மீன் கூடுவதும் மீன் பெருகுவதும் ஒன்றல்ல. வாரச் சந்தையில் கூட்டம் இருப்பதால் ஊர் ஜனத்தொகை கூடிவிட்டது என்று சொல்வோமா? விஞ்ஞானிகளே இன்னும் இதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கூடிய மீனையெல்லாம் ஒரே இடத்தில் அள்ளிவிட்டால் மிச்சம் என்ன? அதே சமயம், பாறை இருக்கும் இடத்தில் இழுவை மடி போட்டால் வலை கிழியும். கட்டுமர, சிறுபடகு மீனவருக்கு அது பாதுகாப்பு, விசைப்படகுக்காரருக்கு அது நஷ்டம். அதனால் எங்கே போடுவது என்பதைத் தேவனாம்பட்டினத்து மீனவரையும் கடலூர் முதுநகர் மீனவரையும் உட்கார வைத்துப் பேசாமல் முடிவு செய்யக்கூடாது. சுனாமியில் வீட்டையும் ஆளையும் இழந்த கரை அது. சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளையும் அவர்கள்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். நம் கழிவுக்கும் அவர்கள் கடலே இடம் கொடுக்க வேண்டுமா?

ஸ்கூபாவுக்கு நான் எதிரி இல்லை. 'கடலூர்' என்ற பெயரைச் சுமந்த நம் கடற்படைக் கப்பல் ஒன்று 2018-ல் ஓய்வு பெற்றபோது, புதுச்சேரிக் கடலில் அதை மூழ்கடித்து அருங்காட்சியகமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எண்ணெய், ஒயர், பெயிண்ட் எல்லாவற்றையும் சுத்தமாகக் கழற்றிவிட்டு இறக்கினால் அதுவும் நல்லதே. இளைஞர்கள் இறங்கிப் பார்க்கட்டும். நம் வயதுக்காரர்கள் ஆசைப்பட்டால் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பத்து மீட்டர் ஆழத்திலேயே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். காதும் நெஞ்சும் முதலில் புகார் சொல்லும்.

கடலில் எதை இறக்குவதானாலும் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும் என்பது என் கட்சி. இது கடலுக்குத் தேவையா, அல்லது நமக்குத் தொல்லை தீரவா? அங்கே பிழைப்பவர் சம்மதித்தாரா? பத்து வருடம் கழித்துக் கெட்டுப்போனால் எடுப்பது யார் பொறுப்பு?

மண்ணைத் தோண்டி வாழ்ந்த ஊர் நம்முடையது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தோம் என்ற பெருமை நமக்கு உண்டு. மிஞ்சிய சாம்பலுக்குக் கரையிலேயே வழி கண்டுபிடிப்பதும் அந்தப் பெருமையில் சேர்த்திதான்.