துப்பாக்கி சைலன்சர்: பெட்டியில் இருக்கும் டெசிபல் எண்ணை நம்பலாமா?

சினிமாவில் வில்லன் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகுவார். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து அறையில் தூங்குபவர்கூட எழுந்திருக்க மாட்டார்.

நிஜம் வேற. ரைஃபிள் வெடிக்கும்போது வரும் சத்தம் 160 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். சைலன்சர், அதாவது சப்ரஸர், அதில் சுமார் 20 முதல் 35 டெசிபல் வரைதான் குறைக்கும். மிச்சம் இருப்பதும் காதைப் பொத்த வைக்கும் சத்தம்தான்.

இது இப்போது ஏன் பேச்சாகிறது? அமெரிக்காவில் 42 மாநிலங்களில் பொதுமக்கள் சட்டப்படி இதை வாங்கலாம். 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இதற்கு 200 டாலர் வரி போட்டது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். பதிவும் கைரேகையும் பின்னணிச் சோதனையும் மட்டும் அப்படியே தொடர்கின்றன. வரி போனதும் முதல்முறை வாங்க நினைப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது, விளம்பரத்தில் இருக்கும் ஒரு டெசிபல் எண். அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

சைலன்சர் என்னதான் செய்கிறது?

மெஷின் கன்னைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்சிமின் மகன் ஹிராம் பெர்சி மாக்சிம். 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியவர் இவர்தான். இன்ஜின் புகைச் சத்தத்தை அடக்கவும் இதே தத்துவம்தான் உதவியது. நம்மூர் பைக்கில் இருக்கும் ‘சைலன்சர்’ இதற்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம்.

தோட்டாவுக்குப் பின்னால் சூடான வாயு பெரும் அழுத்தத்தோடு பாயும். குழாய்க்குள் உள்ள தடுப்பறைகள் அதன் வேகத்தையும் சூட்டையும் குறைத்து மெதுவாக வெளியே விடும். ஆனால், ஒலியின் வேகத்தைத் (வினாடிக்கு சுமார் 340 மீட்டர்) தாண்டிப் பறக்கும் தோட்டா, போகும் வழியெல்லாம் ‘சடார்’ என்று தனியாக ஒரு சத்தம் போடும். அதை எந்த சைலன்சராலும் தொட முடியாது. மெதுவான தோட்டாவை வைத்து அளந்த எண்ணைப் பார்த்து வாங்கி, வேகத் தோட்டா போட்டால் ஏமாற்றம்தான்.

ஒரே பொருள், பல எண்கள்

மைக்கை எங்கே வைத்தார்கள்? அமெரிக்க ராணுவத் தரநிலையைப் பின்பற்றி, குழல் முனையிலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டரில் அளப்பது வழக்கம். ஆனால் உங்கள் காது அங்கேயா இருக்கிறது? செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால், வாயுவில் ஒரு பகுதி பின்னால் திரும்பி, காலித் தோட்டா வெளியேறும் துளை வழியாக முகத்துக்கு அருகிலேயே வெடிக்கும். முனையில் அருமையான எண் வாங்கிய சைலன்சர், காதருகே சுமாராக இருக்கலாம்.

குழல் எவ்வளவு நீளம்? குழல் குட்டையானால் வாயு அதிக அழுத்தத்தோடு வெளியேறும், சத்தமும் கூடும். நீளக் குழலில் எடுத்த எண் குட்டைக் குழலுக்குப் பொருந்தாது.

முதல் சூடு எவ்வளவு? குழாய்க்குள் முதலில் இருப்பது காற்று. அதில் உள்ள ஆக்சிஜனோடு சூடான வாயு சேர்ந்து எரிவதால் பெரும்பாலும் முதல் சூட்டில்தான் சத்தம் அதிகம். பல சூடுகளின் சராசரியைப் போட்டால் இது மறைந்துவிடும். ஒரே ஒரு சூடு சுடும் வேட்டைக்காரருக்கோ முதல் சூடுதான் எல்லாமே.

எதை வைத்து அளந்தார்கள்? வெடிச்சத்தத்தின் உச்சம் கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். வேகம் குறைந்த மீட்டர் அந்த உச்சத்தைத் தவறவிட்டு, குறைவான எண்ணையே காட்டும். அதாவது, கருவி மட்டமாக இருந்தால் பொருள் பிரமாதமாகத் தெரியும்! செல்போன் ஆப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘காதுக்குப் பாதுகாப்பு’ என்றால்?

திடீர் வெடிச்சத்தத்துக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் சொல்லும் உச்ச வரம்பு 140 டெசிபல். அதற்கு ஒரு புள்ளி கீழே வந்தால்கூட ‘காதுக்குப் பாதுகாப்பானது’ என்று விளம்பரம் செய்ய முடிகிறது. டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். ஒரு சூடா, நூறு சூடா என்பதும் முக்கியம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

என் வாதம் இங்கேதான். காதில் வைக்கும் மலிவான ஸ்பான்ஜ் அடைப்பானுக்குக்கூட, ஒரே முறையில் அளந்த ஒலிக்குறைப்பு எண்ணைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1979-லேயே விதி கொண்டுவந்தது. பல நூறு டாலர் விலையுள்ள சைலன்சருக்கு அப்படி ஒரு விதி இல்லை. பியூ சயின்ஸ் போன்ற தனியார் ஆய்வகங்கள் முனை, காது இரண்டிலும் அளந்து வெளியிடுகின்றன. நல்ல வேலைதான். ஆனால் வாங்குபவரே தேடிப் போய்ப் படித்தால்தான் உண்டு.

‘துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், ஒரே சோதனை எப்படிச் சரிவரும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மூரில் கார் கம்பெனி சொல்லும் மைலேஜ்கூட ரோட்டில் அப்படியே கிடைப்பதில்லை. ஆனாலும் எல்லா காருக்கும் ஒரே மாதிரிச் சோதனை என்பதால் எது மேல் என்று ஒப்பிட முடிகிறது. சைலன்சர் வாங்குபவர் கேட்பதும் அதைத்தான்.

‘சுட்டுப் பார்த்து வாங்கினால் போச்சு’ என்பதும் பாதித் தீர்வுதான். சத்தத்தின் தன்மை கனமாக மாறினாலே, அளவு குறைந்ததுபோல் காது ஏமாறும். பெயரில் பதிவானபின் ‘பிடிக்கலை’ என்று கடையில் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கைமாற்றி விற்கவும் அதே காகித வேலை.

ஆகவே, காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: எந்தத் துப்பாக்கி, எவ்வளவு நீளக் குழல், எந்தத் தோட்டா, மைக் எங்கே, முதல் சூடு எவ்வளவு? பதில் இல்லையென்றால் அந்த எண் வெறும் விளம்பரம். பதில் இருந்தாலும், காதுக் கவசத்தை மட்டும் கழற்றாதீர்கள்.