கம்புக்கு முன் கம்பியைப் பாருங்கள்!

கடலூர் லாரன்ஸ் ரோடு ஆகட்டும், சிதம்பரம் மேலவீதி ஆகட்டும், கடைத்தெருவின் முகமே மாறிவிட்டது. ஓட்டுக் கட்டடமும் மரக்கதவும் இருந்த இடத்தில் இரண்டு மாடி, மூன்று மாடி எழும்பி நிற்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி... எதுவானாலும் முகப்பில் கண்ணாடி. பார்க்க அழகுதான். ஆனால் அதை யார், எப்படித் துடைப்பார்கள் என்று கட்டடம் கட்டும்போது யோசித்தவர்கள் எத்தனை பேர்?

அதிலும் கடலூரில் படிவது வெறும் தூசி இல்லை. கடல்காற்றில் வரும் உப்பும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது கழுவாவிட்டால் முகப்பு மங்கிவிடும். கழுவ வருபவரோ பெரும்பாலும் தினக்கூலிக்காரர். ஏணி அவருடையது, வாளி அவருடையது, வைப்பரும் அவருடையது. விழுந்தால் உடைவதும் அவருடைய கை காலே!

இந்த நிலையில்தான் நீளும் கம்புகள் வந்திருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய குழாய்கள், நுனியில் பிரஷ். உள்ளே ஓடும் டியூப் வழியாகத் தண்ணீர் பிரஷ்ஷுக்குப் போகும். தரையில் நின்றபடியே இரண்டாம் மாடிக் கண்ணாடியைக் கழுவிவிடலாம். பிரிட்டனில் 2005இல் வந்த உயரப் பணி விதிகளின் முதல் கட்டளையே, உயரத்தில் ஏறாமல் முடிக்கக்கூடிய வேலையை ஏறாமலே முடி என்பதுதான். அங்கே இந்தக் கம்புகள் பரவியதில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. ஏணியிலிருந்து ஒரு மனிதரை இறக்கிவிடும் எந்தக் கருவியும் நல்ல கருவிதான். அதில் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி வேறு. எந்தக் கம்பு? எந்தத் தெருவில்?

கனம் குறைந்த ரகசியம்

மூங்கில், அலுமினியம், கண்ணாடியிழை, கார்பன் ஃபைபர் என்று நான்கு வகைக் கம்புகள் இருக்கின்றன. கடைசியில் சொன்ன கார்பன் ஃபைபருக்கும் மூங்கிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. எடிசன் தன் மின்விளக்குக்கு இழை தேடியபோது, 1880இல் ஜப்பான் மூங்கிலைக் கரியாக்கித்தான் பயன்படுத்தினார். அதுவும் ஒரு கார்பன் இழையே! இன்று விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் போகும் இழை வேறு முறையில், அக்ரிலிக் போன்ற செயற்கை நூலைக் காற்றில்லாமல் சுட்டு எடுப்பது. அதை எபாக்சி பிசினில் தோய்த்து, குழாயாகச் சுற்றி, சூட்டில் இறுக வைத்தால் கம்பு தயார்.

ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம். கண்ணாடியிழைக் கலவை ஏறக்குறைய 2 கிராம். கார்பன் ஃபைபர் கலவை 1.6 கிராம்தான். எடை குறைவு என்பதோடு விறைப்பும் அதிகம். நீளவாக்கில் இழை ஓடும் கார்பன் கலவை, அதே கனமுள்ள அலுமினியத்தைவிட விறைப்பாக நிற்கும். கண்ணாடியிழையோ அலுமினியத்தைவிடவும் வளையும். 20 அடிக்கு மேல் நீட்டினால் நுனி ஊஞ்சல் ஆடும். ஆடும் நுனியைக் கட்டுப்படுத்தத் தோளும் மணிக்கட்டும் படாதபாடு படும். நாள் முழுக்கத் தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்பவருக்குக் கம்பில் குறையும் ஒவ்வொரு நூறு கிராமும் வரம்தான்.

அப்படியானால் எல்லோரும் கார்பன் கம்பே வாங்கிவிடலாமே? இங்கேதான் சிக்கல்.

பென்சில் பாடம்

பென்சிலின் இருமுனையும் சீவி, பேட்டரியோடு இணைத்து, சின்ன பல்பை எரிய வைக்கும் சோதனையைப் பள்ளிக்கூடத்தில் பலர் செய்திருப்பார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் ஃபைபரும் கடத்தும். தாமிரம் அளவுக்கு இல்லைதான். ஆனால் உயிரைக் குடிக்க அவ்வளவு தேவையில்லை. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இதயத்தின் வழியே பாய்ந்தாலே போதும். மேலே பளபளக்கும் பிசின் பூச்சு காப்பாற்றும் என்று நம்புவது வீண். அது மெல்லிய பூச்சு, கீறலும் தேய்மானமும் விழுந்த பூச்சு.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். 11 ஆயிரம் வோல்ட் வரையிலான மின்பாதைக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டர் இருந்தால் போதும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. 1956ஆம் ஆண்டின் பழைய விதியிலும் இதே அளவுதான். அதாவது நான்கே அடி! சட்டப்படி சரியாகக் கட்டிய கட்டடத்திலேயே ஜன்னலிலிருந்து நான்கு அடியில் மின்கம்பி போகலாம். சட்டத்தை மீறி பால்கனியை இழுத்துக் கட்டிய இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே 20 அடிக் கம்போடு ஒருவர் நிற்கிறார். கண்ணாடியைத் தேய்க்கும்போதுகூட ஆபத்து குறைவு. கம்பை நிமிர்த்தும்போதும், சாய்க்கும்போதும், ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு நகர்த்தும்போதும்தான் நுனி எங்கே போகிறது என்று தெரியாது. அண்ணாந்து பார்த்தால் கண்ணில் வெயில் வேறு.

தேங்காயும் மாங்காயும் பறிக்கப் போய், அலுமினியத் துரட்டி மின்கம்பியில் பட்டு உயிர்விட்டவர்களின் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர், உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தேர் போகும் தெருவில் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுகிறது. உயரமான ஒன்று தெருவில் நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடாது என்ற அறிவு நான்கு வீதிக்காரர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. அதே வீதியில் மற்ற நாட்களில் 20 அடிக் கம்பை நிமிர்த்துபவருக்கு மட்டும் அந்த அறிவு ஏன் பொருந்தாமல் போகிறது?

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு உலக வங்கி உதவியோடு கடலூரில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. புயலுக்காகச் செய்த வேலை கம்பு பிடிப்பவரையும் காப்பாற்றும். ஆக ஒரே ஊரில் ஒரு தெருவுக்குச் சரியான கம்பு அடுத்த தெருவுக்கு எமனாகலாம். கம்பு வாங்கும்போது கட்டடத்தின் உயரத்தைக் கேட்கும் முன், தெருவை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

பத்தடி என்பது நல்ல கணக்கு. அமெரிக்கப் பணியிட விதிகளும் 50 ஆயிரம் வோல்ட் வரை அந்தத் தூரத்தைத்தான் சொல்கின்றன. நீட்டிய கம்பு சாய்ந்தாலும் விழுந்தாலும் மின்கம்பிக்குப் பத்தடிக்குள் வரும் என்றால், அங்கே கம்பே கூடாது. கார்பன் மட்டுமல்ல, எதுவும் கூடாது. கண்ணாடியிழையும் மூங்கிலும் காய்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் தடுக்கும். இது தண்ணீர் வழியும் வேலை. ஈரமும் உப்பும் அழுக்கும் ஒட்டிய கம்பு எதுவானாலும் நம்பக்கூடாது. கைப்பிடியை மட்டும் கண்ணாடியிழையில் செய்த கார்பன் கம்புகளும் கிடைக்கின்றன. அது கூடுதல் காப்பு, அவ்வளவுதான். அதை நம்பிக் கம்பிக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

வாங்கும்போது

கம்பி இல்லாத இடம் என்று உறுதியானால் அடுத்தது நீளம். மாடிக்குப் பத்தடி என்று வைத்தால், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல் கண்ணாடி 20 அடிக்குள் முடிந்துவிடும். பிடிக்கும் கை நெஞ்சு உயரத்தில் இருப்பதால் 18 அடிக் கம்பே தாராளம். என்றைக்காவது தேவைப்படும் என்று 40 அடிக் கம்பு வாங்கினால், அதன் தடித்த அடிக்குழாய்களைத் தினமும் சும்மா சுமக்க வேண்டியிருக்கும். அடிக்கடி செய்யும் வேலைக்கு எது போதுமோ அதுதான் சரியான நீளம்.

கறுப்புக் கட்டம் போட்ட நெசவைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். "3கே" என்று எழுதியிருந்தால், ஒரு புரியில் 3000 நுண்ணிழைகள் என்று அர்த்தம். உறுதிக்கான முத்திரை அல்ல. கட்ட நெசவு பெரும்பாலும் மேல் அடுக்கின் அலங்காரம். உள்ளே எத்தனை இழை நீளவாக்கில் ஓடுகிறது, எத்தனை குறுக்கே சுற்றியிருக்கிறது என்பதில்தான் விஷயம். நீளவாக்கு இழை வளையாமல் காக்கும். குறுக்கு இழை நசுங்காமல் காக்கும். கார்பனோடு கண்ணாடியிழை கலந்த "ஹைபிரிட்" கம்பு விலை குறைவு. ஒரு மாடி வேலைக்கு அதுவே போதும்.

கடையில் கம்பை முழுசாக நீட்டி, நிமிர்த்திப் பார்க்க வேண்டும். நுனி எவ்வளவு ஆடுகிறது, கிளாம்ப் வழுக்குகிறதா, ஈரக் கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்தபின்தான் விலை பேச வேண்டும். ஒரு குழாய் உடைந்தால் அந்த ஒன்று மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பது முக்கியமான கேள்வி. கிடைக்காது என்றால் மொத்தக் கம்பும் பரண் மேல்தான்.

பராமரிப்பு

கார்பனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அலுமினியம் வளைந்து எச்சரிக்கும். கார்பன் எச்சரிக்காது, திடீரென்று முறியும். கீழே விழுந்த அடியில் உள் அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே தெரியாது. நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று தெளிவாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது மாதிரிதான்.

மணல் அடுத்த எதிரி. தேவனாம்பட்டினம் பக்கம் வேலை முடித்து, அப்படியே கம்பைச் சுருக்கினால், இடையில் சிக்கிய மணல் உப்புத்தாள் போலக் குழாயைத் தேய்த்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தபின் சுருக்க வேண்டும். வழுவழுவென்று போகட்டும் என்று எண்ணெய் தடவினால் அதில் இன்னும் மண் ஒட்டும்.

கடலூர்க்காரர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது உப்பு. பழைய டார்ச் பேட்டரியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் துத்தநாகத் தகடு. நாள்பட்டால் அரித்து ஓட்டையாவது துத்தநாகம்தான், கரிக்குச்சி அப்படியே இருக்கும். கார்பன் கம்பின் மேல் அலுமினிய கிளாம்ப், நடுவில் உப்பு ஈரம் என்றால் அங்கேயும் அதே கதைதான். கம்பு நன்றாக இருக்கும்; கிளாம்ப் பொடிப்பொடியாக அரிக்கும். மாதம் ஒருமுறை கிளாம்ப்பைக் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டினால் இந்தத் தொல்லை குறையும். மாட்டும்போது பலம் காட்டி முறுக்கக்கூடாது, குழாய் நசுங்கிவிடும்.

வெயிலும் பகைதான். சூரிய ஒளி பட்டுப் பட்டுப் பிசின் வெளிறும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியிலோ வண்டி மேலோ போட்டுவைக்கக்கூடாது. சிலாம்பு கிளம்பிய இடத்தை வெறுங்கையால் தடவவும் கூடாது. கார்பன் சிலாம்பு தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

யார் வாங்க வேண்டும்?

கட்டட உரிமையாளர்தான் வாங்க வேண்டும். லிஃப்ட்டைப் பராமரிப்பதும் ஏ.சி.யைப் பராமரிப்பதும் கட்டடச் செலவு என்றால், கண்ணாடி துடைக்கும் கம்பும் கட்டடச் செலவுதான். அதைத் தினக்கூலிக்காரர் தலையில் கட்டினால் அவர் வாங்குவது எது? கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்கும் அலுமினியக் கம்பு, இல்லாவிட்டால் மறுபடியும் ஏணி.

மின்கம்பி ஒட்டிப் போகும் முகப்புகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் எப்படியும் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துகிறது. பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிப்பும் வருகிறது. ரோட்டோர முகப்பைக் கழுவும் வேலையை அந்த நாளுக்குத் தள்ளி வைக்கலாம். ஆனால் அறிவிப்பை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. வேலை சீக்கிரம் முடிந்து மின்சாரம் திரும்ப வரலாம், பக்கத்துக் கடை ஜெனரேட்டரிலிருந்தும் கம்பிக்கு மின்சாரம் ஏறலாம். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நிறுத்தியாயிற்று என்று அவர்கள் வாயால் உறுதி வாங்கியபின்தான் கம்பைத் தூக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியது கண்ணாடி துடைப்பவர் அல்ல, கடைக்காரர். அவர் பேச்சுக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு.

அதுவும் முடியாது என்றால், மாடிக் கண்ணாடியை உள்ளிருந்தே திறந்து துடைக்கிற மாதிரி மாற்றுவது ஒன்றே வழி. அதற்கும் செலவு பார்ப்பவர்கள் முகப்பு கொஞ்ச நாள் மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். வியாபாரம் ஒன்றும் நின்றுபோகாது.